தாழ்ப்பாள் எட்டும் உயரம்

மொத்தம் 4,46,000 ரூபாய், பத்தொன்பது மாதம். சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக ஊரார் வரவுசெலவைச் சரிபார்க்கிறவள் நான். சொந்தக் கணக்கில் இவ்வளவு கோட்டை விட்டதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். வயதான அம்மாவுக்கும் நடக்க முடியாத தம்பிக்கும் சேர்த்து ஒரு வீடு வேண்டும் என்று தேட ஆரம்பித்தபோது எனக்குக் கிடைத்ததெல்லாம் விளம்பரங்கள்தான். புல்வெளியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டி, கையில் காபிக் கோப்பை. இந்த இடத்தில் கவனமாக இரு என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது 75 வயது. சர்க்கரை உண்டு, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தம்பிக்கு 43. முப்பத்தொன்றாவது வயதில் பைக்கில் போகும்போது லாரி இடித்து முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கைகளில் நல்ல பலம். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்து எல்லாம் கற்றுக்கொண்டு வந்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே டியூப் போட்டுச் சிறுநீர் எடுப்பது, படுக்கைப்புண் வராமல் அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வது, எல்லாமே. அந்த மையம் உருவாகக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸும் 1954-இல் விபத்தில் இப்படி அடிபட்டவர்தான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். தம்பி அவரைப் பற்றி யாரிடமாவது சொல்லாத வாரம் கிடையாது. அங்கிருந்து கிளம்பும்போதே, வீட்டுக் கதவுகளின் அகலத்தை அளந்து பாருங்கள், படிகளுக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நாங்கள் செய்யவில்லை. அப்பா இருந்தார், அதனால் தேவைப்படவில்லை. திருச்சி உறையூரில் எங்கள் வீட்டு வாசலில் நான்கு படி. அப்பாவும் எதிர்வீட்டு அண்ணனும் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். கழிவறைக்குள் அப்பா தோள் கொடுப்பார். வீடு செய்ய வேண்டியதையெல்லாம் பத்து வருடம் அப்பாவே செய்துகொண்டிருந்தார். அவர் போன பிறகுதான் அது வீடே இல்லை, நான்கு சுவர்தான் என்று தெரிந்தது. ஐந்து மாதம் தம்பி தெருவைப் பார்க்கவில்லை. அம்மா அவன் காலைத் தூக்கிக் கட்டிலில் வைக்கப் போய், அவரும் விழுந்தார்.

கோயம்புத்தூர்ப் பக்கம் மூத்தோர் குடியிருப்புகள் நிறைய இருப்பது பலருக்கும் தெரியும். வெயில் குறைவு, நல்ல ஆஸ்பத்திரிகள். ஒரு சனிக்கிழமை நான் மட்டும் கிளம்பிப் போய் ஓர் இடத்தைப் பார்த்தேன். திருப்பித் தரும் முன்பணம் 15 லட்சம், மாதம் இருவருக்கும் சாப்பாடு, சுத்தம், நர்ஸ் எல்லாம் சேர்த்து 31,000. பிளாக் வாசலில் அழகான சாய்தளம், பெரிய லிஃப்ட், தாராளமான வராந்தா. "எல்லாமே வீல்சேருக்கு ஏத்த மாதிரிதான் மேடம்" என்றார் மேனேஜர். சக்கர நாற்காலி படம் போட்ட போர்டுகூட இருந்தது. அன்று மதியம் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் இரண்டே கேள்வி கேட்டான். "பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்க்கா? ரூம் தாழ்ப்பாள் எந்த உயரத்துல இருக்கு?" முதல் கேள்விக்கு, அதெல்லாம் சரியாத்தான்டா இருக்கும் என்றேன். இரண்டாவது எனக்குக் கேள்வியாகவே படவில்லை. மாலைக்குள் டோக்கன் பணம் கட்டிவிட்டேன்.

குடிபோன முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குத் தெரிந்தது. பாத்ரூமுக்கு 30 இஞ்ச் கதவு என்று வரைபடத்தில் போட்டிருந்தார்கள். பொய்யில்லை. ஆனால் அது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கச் சட்டத்துக்கும் இரண்டரை இரண்டரை இஞ்ச் போனால் 25. கதவைத் திறந்து வைத்தால் பலகையின் கனம் இன்னும் ஒரு இஞ்சைத் தின்றுவிடும். தம்பியின் நாற்காலி சக்கர வளையத்தோடு 26 இஞ்ச். அதைத் தள்ளும் விரல்களுக்கும் இடம் வேண்டுமே? கதவைக் கழற்றினோம், அப்போதும் நுழையவில்லை. அம்மாவும் நானும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவனை உட்காரவைத்துத் தரையில் இழுத்துக்கொண்டு போனோம். கதவில்லாத பாத்ரூம், குறுக்கே அம்மாவின் பழைய புடவை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தச் சுவரை உடைத்து, நிலையைப் பிடுங்கி, பக்கவாட்டில் நகரும் கதவு போட்டு, டைல்ஸ் மாற்றி முடிக்கப் பதினோரு நாள். செலவு 1,40,000, எங்களுடையது. பதினோரு நாளும் பிளாஸ்டிக் நாற்காலிதான்.

ஆகவே முதல் பாடம் இது. எந்த இடமாக இருந்தாலும் அங்கே வாழப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய நாற்காலியோடு, அவருடைய கைத்தடியோடு. போய்ச் சுற்றிப் பார்த்தால் போதாது. கட்டிலில் படுத்து எழுந்து, கழிவறைக்குப் போய், கதவைச் சாத்தி, உள்ளே திரும்பி, வெளியே வரட்டும். முடிந்தால் இரண்டு இரவு தங்கவையுங்கள். விருந்தினர் அறை பெரும்பாலான இடங்களில் உண்டு, ஆனால் அதில் தங்கிப் பயனில்லை. உங்களுக்குத் தரப்போகும் அதே வீட்டைக் கேளுங்கள். மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட அனைவருக்குமான அணுகல் வழிகாட்டி, கதவைத் திறந்த பிறகு கிடைக்கும் இடைவெளி 900 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது, கிட்டத்தட்ட மூன்று அடி. நாற்காலி முழு வட்டம் திரும்ப 1,500 மில்லிமீட்டர், அதாவது ஐந்தடி விட்டம் வேண்டும். இந்த இரண்டு எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு டேப்போடு போயிருந்தால் எனக்கு ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும். இன்ச் டேப் 80 ரூபாய்.

கதவு சரியானதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்து வந்தது நேரம். தம்பி ஆன்லைனில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறான். காலை ஆறரைக்கு முதல் வகுப்பு. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குக் காலைக்கடன் என்பது ஐந்து நிமிட வேலையில்லை, அவனுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதனால் நாலரைக்கே எழுந்துவிடுவான், ஓர் ஆள் வந்து குளியலுக்குக் கொஞ்சம் கை கொடுத்தால் போதும். குடியிருப்பில் அட்டெண்டர் ஒன்பதரைக்குத்தான் வருவார். பதினாறு வீட்டுக்கு மூன்று பேர், வரிசைப்படி. நேரத்தை மாற்றக் கேட்டேன். "அவருக்கு வெளியே போற வேலை எதுவும் இல்லையே மேடம்" என்று பதில் வந்தது. காலை வகுப்பை அவன் விட்டான். மாதம் 11,000 போயிற்று. பணத்தைவிட, அவன் ஒன்பதரை வரைக்கும் கட்டிலில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பான் என்பதை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் மேடை அவன் கண் மட்டத்துக்கு இருந்தது. என்ன குழம்பு என்று தெரியாது, யாராவது தட்டில் வைத்து மடியில் கொடுப்பார்கள். எழுபது வயதுக்காரர்கள் எல்லாம் அவனை "பாவம் பையன்" என்றார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று வேளை பாவமாக இருக்க யாருக்குத்தான் முடியும்?

அப்புறம் அந்தத் தாழ்ப்பாள். எல்லா அறையிலும் கதவின் மேல்மூலையில் ஒரு தாழ்ப்பாள், நின்றால் எட்டும். நடுவில் பூட்டு இருந்தது, அதற்கு அலுவலகத்தில் இன்னொரு சாவி. பாதுகாப்புக்காம். தட்டிவிட்டு, பதில் வரும் முன்பே உள்ளே வருவார்கள். ஒருமுறை அவன் டியூப் போட்டுக்கொண்டிருக்கும்போது சுத்தம் செய்ய வரும் பெண் வந்துவிட்டார். அன்று இரவு போனில் அவன் கேட்டான். "நான் கேட்டப்போ நீ சிரிச்சியேக்கா, ஞாபகம் இருக்கா?"

ஏழாவது மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்தோம். மூன்றாம் நாள் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து எனக்குப் போன். உங்கள் தம்பி தனியாக இருக்கக் கூடாது, விதியில் இல்லை என்றார்கள். ஒப்பந்தத்தை அப்போதுதான் வரிவரியாகப் படித்தேன். குடியிருப்பவர் 55 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். அவன் அம்மாவைச் சார்ந்திருக்கும் உறுப்பினர் மட்டுமே, அவருக்குப் பிறகு அவனுக்கு உரிமை எதுவும் கிடையாது. "அதெல்லாம் பிரச்சினையில்லை மேடம்" என்று அன்று மேனேஜர் சொன்னது காற்றோடு போயிற்று. இன்னொரு பத்தி: குடியிருப்பவர் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள இயலாத நிலையை அடைந்தால், நிர்வாகம் அவரை வேறு பிரிவுக்கு மாற்றலாம் அல்லது வெளியேறச் சொல்லலாம். அதைத் தீர்மானிப்பதும் நிர்வாகமே. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்த 'சுதந்திரமான வாழ்க்கை'க்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. நிர்வாகத்துக்கு வேலை வைக்காத வரை இருக்கலாம், அவ்வளவுதான். இருபத்துநான்கு மணி நேர ஆள் போட வேண்டும், மாதம் 26,000 கூடுதல், இல்லையென்றால் காலி செய்யுங்கள் என்று கடிதம் வந்தது. அம்மா டிஸ்சார்ஜ் ஆகி வந்த மறுநாளே காலி செய்ய முடிவெடுத்தோம். இந்த முடிவை எடுத்தது தம்பி.

முன்பணத்தில் மூன்று மாதக் கட்டணம் 93,000 பிடித்தம். பெயின்ட், பழுது என்று 60,000. நாங்கள் அகலப்படுத்திய கதவுக்குப் பதில் பழைய கதவை வைக்கும் கூலியும் அதில் அடக்கம், படித்துவிட்டுச் சிரித்தேன். மீதிப் பணம், அடுத்த ஆள் வந்த பிறகுதான் என்று எட்டு மாதம் இழுத்து, வட்டியில்லாமல் வந்தது. இரண்டு முறை சாமான் ஏற்றி இறக்கியது 58,000. ஆக இந்தப் படலத்தில் மட்டும் 3,51,000. சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்கவில்லை. நீங்கள் கையெழுத்துப் போடும் முன்னால் கேட்க வேண்டியவை: இருவரில் ஒருவர் போய்விட்டால் மற்றவருக்கு அங்கே இருக்க உரிமை உண்டா, உடல்நிலை மோசமானால் யார் முடிவெடுப்பது, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், பிடித்தம் எதற்கெல்லாம். பதில் வாயால் வந்தால் அது பதில் இல்லை, ஒப்பந்தத்தில் வரியாக வர வேண்டும். மத்திய அரசு 2019-இல் மூத்தோர் குடியிருப்புகளுக்காக மாதிரி வழிகாட்டி ஒன்று வெளியிட்டது. கட்டியவர், சேவை தருபவர், குடியிருப்பவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்பது அதில் ஒரு நல்ல யோசனை. ஆனால் பெயரே மாதிரி வழிகாட்டி. அதைக் காட்டி யாரையும் கட்டாயப்படுத்த என்னால் முடியவில்லை.

அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்த நாட்களில், சென்னையில் பான்யன் அமைப்பு செய்துவரும் ஒரு வேலையைப் பற்றிப் படித்தேன். மனநலம் பாதிக்கப்பட்டு வருடக்கணக்கில் காப்பகத்தில் இருந்தவர்களுக்கு, சாதாரணத் தெருவில் சாதாரண வீடுகளை வாடகைக்குப் பிடித்து, நான்கைந்து பேராக வாழவைக்கிறார்கள். கூட உதவிக்கு ஆள் இருப்பார். காய்கறி வாங்குவது, சமைப்பது, கோயிலுக்குப் போவது எல்லாம் அவர்கள் விருப்பம். எங்கள் நிலைமை வேறு, மனநலம் சம்பந்தப்பட்டதில்லை. ஆனாலும் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. வாழ்கிற இடத்தைத் தெருவில் வைத்துக்கொண்டு, உதவியை அங்கே வரவழைக்கலாம். நான் செய்தது நேர் எதிர். உதவி இருக்கும் இடத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய்ப் போட்டேன். வீடும் உதவியும் ஒரே கையில் இருந்ததால், உதவியைப் பற்றிப் புகார் சொன்ன அன்றே வீடும் ஆட்டம் கண்டது. தனித்தனியாக இருந்தால் சரியில்லாத ஆளை மாற்றலாம், கூரை அப்படியே இருக்கும். சரி, உறையூர் வீட்டையே மாற்றுவோம் என்று முடிவு செய்தோம்.

இதிலாவது புத்தி வந்ததா என்றால், பாதிதான். மேஸ்திரியிடம் போனிலேயே சாய்தளம் போடச் சொல்லிவிட்டுச் சென்னைக்கு வந்துவிட்டேன். வீட்டுத் தரை தெருவிலிருந்து இரண்டு அடி உயரம். மேஸ்திரி எட்டடி நீளத்துக்கு, மொசைக் போல வழவழவென்று ஒன்று கட்டிவைத்தார். ஸ்கூட்டர் ஏற்றுவதற்குப் போடுகிற சரிவு அது. தம்பி ஏற முயன்றபோது நாற்காலியின் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது, பின்னால் மல்லாக்க விழுந்திருப்பான், எதிர்வீட்டு அண்ணன் பிடித்தார். கணக்கு சுலபம், வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டு அடிக்கு இருபத்துநான்கு அடி. அவ்வளவு இடம் முன்னால் இல்லை. உடைத்துவிட்டு, பக்கத்துச் சந்தில் ஏற்றிக்கொண்டுபோய், மூலையில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டு, திருப்பி வாசலுக்குக் கொண்டுவந்தோம். இந்தமுறை தம்பி சந்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சிமென்ட் காய்வதற்கு முன்பு துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொன்னான், ஐப்பசி மழையில் வழுக்காமல் இருக்க. இரண்டு பக்கமும் நாலு இஞ்ச் விளிம்பு, கைப்பிடிக் கம்பி இரண்டு உயரத்தில். மேலே உள்ளது அம்மாவுக்கு, கீழே உள்ளது அவனுக்கு. முதல் சாய்தளமும் அதை இடித்த கூலியும் 57,000 வீண்.

கைப்பிடிக் கம்பி இன்னொரு கதை. பாத்ரூமில் துண்டு போடும் கம்பியை யாரும் பிடித்து எழக் கூடாது, எல்லோரும் அதைத்தான் பிடிப்பார்கள். நாங்கள் நல்ல ஸ்டீல் கம்பியாகவே வாங்கினோம். ஆனால் ஹாலோ பிளாக் சுவரில் பிளாஸ்டிக் பிளக் வைத்து முடுக்கிவிட்டார் பிளம்பர். நான்காம் நாள் அம்மா எழுந்திருக்கும்போது ஒரு முனை பூச்சோடு கையில் வந்தது. நல்லவேளை, கமோடின் மேலேயே திரும்ப உட்கார்ந்துவிட்டார். ஹாலோ பிளாக்கில் துளை போட்டால் உள்ளே வெற்றிடம்தான், திருகு எதைப் பிடிக்கும்? அந்த இடத்தில் பிளாக்கை உடைத்துக் கான்கிரீட் நிரப்பி, ஆங்கர் போல்ட் போட்டுத் திரும்பப் பொருத்தினோம், டைல்ஸோடு சேர்த்து 38,000. சுவர் கட்டும்போதே, கமோடு பக்கமும் குளிக்கும் இடத்திலும் கம்பி வரப்போகும் உயரத்தில் கான்கிரீட் பட்டை போட்டுவிடுங்கள். இப்போது வேண்டாம் என்றாலும் பத்து வருடம் கழித்து வேண்டியிருக்கும். பொருத்தியதும் மேஸ்திரியையே அதில் தொங்கச் சொன்னோம். தொங்கினார்.

கமோடின் உயரத்தில்தான் நாங்கள் அதிகம் சண்டை போட்டோம். தம்பிக்கு நாற்காலி இருக்கையின் உயரத்துக்கே கமோடும் வேண்டும், அவனுக்கு அது மெத்தையோடு இருபது இஞ்ச். அப்போதுதான் பக்கவாட்டில் நகர்ந்து உட்கார முடியும். அம்மா நாலடி பத்து அங்குலம். இருபது இஞ்ச் கமோடில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது, அந்தரத்தில் ஆடும். மனை போட்டுக் கால் வைக்கலாம் என்றேன், எழுந்து வரும்போது அதுவே தடுக்கிவிடும் என்றான் தம்பி. பதினெட்டு என்று நடுவில் வைத்தால் இருவருக்குமே கஷ்டம். கடைசியில் அப்பாவின் புத்தக அறையை இடித்து இரண்டாவது கழிவறை கட்டினோம். வயதானவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் ஒரே வடிவமைப்பு போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அம்மாவுக்கு அடிக்கடி பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், சாமான்கள் நெருக்கமாக இருந்தால் அவருக்குத் தைரியம். அவனுக்கு வெற்றுத் தரை வேண்டும். கூடத்தில் சுவரோரமாகக் கம்பி, நடுவில் ஒன்றுமே இல்லை என்று அதைத் தீர்த்தோம்.

நிலைவாசல் படிக்கு வந்தபோது அம்மா பிடிவாதமாக நின்றார். மூன்று இஞ்ச் மரப்படி, அப்பா வைத்தது, வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார். வழிகாட்டியின்படி வாசலில் 12 மில்லிமீட்டருக்கு மேல் தடை இருக்கக் கூடாது. "லட்சுமி இருக்கிற எடத்த அறுக்காதடா" என்றார். தம்பி உடனே விட்டுக்கொடுத்தான், எனக்கே ஆச்சரியம். வெளியில் சாய்தளத்தைப் படியின் மேல்மட்டத்துக்கே ஏற்றிவிட்டு, உள்பக்கம் மூன்றடி நீளத்துக்குச் சரிவாக மரப்பலகை ஒன்றை ஆசாரி செய்து கொடுத்தார். படி அப்படியே இருக்கிறது, மஞ்சளும் தெரிகிறது. சக்கரத்தில் மட்டும் எப்போதும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருக்கும்.

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். சுவிட்சுகளை நான்கரை அடியிலிருந்து மூன்றேகால் அடிக்கு இறக்கினோம், தரையோர பிளக்குகளை ஒன்றரை அடிக்கு ஏற்றினோம், அம்மா குனிய வேண்டாம். சமையல் மேடையில் ஒரு மூன்றடியை மட்டும் முப்பது இஞ்ச் உயரத்தில், அடியில் அலமாரி இல்லாமல், முழங்கால் நுழையும்படி விட்டோம். இப்போது காய் நறுக்குவது தம்பி, தாளிப்பது அம்மா. அவர் கட்டிலிலிருந்து அவன் அறைக்கு ஒரு காலிங் பெல், அவன் அறையிலிருந்து எதிர்வீட்டுக்கு இன்னொன்று.

உதவிக்கு ஆள் பிடிப்பதை நான் தொடவே இல்லை. ஏஜென்சி அனுப்பிய முதல் ஆள் மூன்றாம் நாள் வரவில்லை, இரண்டாவது ஆளைத் தம்பியே பேசி அனுப்பிவிட்டான். மூன்றாவது, பக்கத்துத் தெருவில் பால் போடும் ஓர் அண்ணன். நாலே முக்காலுக்கு வருவார், ஆறேகாலுக்குப் போவார். மாதம் 7,500. அவருக்கு முடியாத நாளில் வர அவருடைய மச்சானையும் பழக்கி வைத்திருக்கிறான். இதை மறக்காதீர்கள், ஒரே ஆளை நம்பினால் அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் வீடே நின்றுவிடும். சமையல், பாத்திரத்துக்கு ஓர் அம்மா, 6,000. மாதம் இரண்டு முறை பிசியோதெரபி, 1,600. எல்லாம் சேர்ந்து 15,100, அங்கே கட்டிய 31,000-இல் பாதிக்கும் குறைவு. மளிகையும் கரண்ட்டும் தனி, ஆனாலும் மிச்சம்தான். சம்பளத்தை அவன் தன் கணக்கிலிருந்து தானே அனுப்புகிறான், நான் கொடுத்தால் அந்த அண்ணன் என் பேச்சைத்தான் கேட்பார் என்கிறான்.

பணம் பற்றி இரண்டு வார்த்தை. மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் தனித்துவ அடையாள அட்டை (UDID) இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரியில், பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு, தம்மைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80டிடி பிரிவாக இருந்த விதியின்படி 75,000 ரூபாய், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 கழிவு உண்டு. என் தொழிலே இது, நானே நான்கு வருடம் கோராமல் விட்டிருக்கிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஐந்தாவது பிரிவு, சமூகத்துக்குள் வாழும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. எங்கள் தெருமுனைச் சாக்கடை மூடியில் அவன் சக்கரம் இன்னும் மாட்டிக்கொள்கிறது, மாநகராட்சிக்கு மூன்று மனு போட்டிருக்கிறான்.

போன மாதம் தீபாவளிக்கு முந்தைய நாள் ராத்திரி பஸ்ஸில் கிளம்பி, விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டு வாசலில் நின்றேன். நல்ல தூறல். பெல் அடித்தேன். "யாரு?" என்றான். "நான்தான்டா." "இரு அக்கா, பத்து நிமிஷம் ஆகும்." உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம், அந்தப் பால்கார அண்ணனின் பேச்சு, எதற்கோ இருவரும் சிரித்தார்கள். என்னிடம் சாவி இல்லை, அவன் தரவில்லை, நானும் கேட்கவில்லை. சாய்தளத்துக் கம்பியில் பையை மாட்டிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் என்றது பதினேழு ஆயிற்று. பிறகு பலகையின் மேல் சக்கரம் ஏறும் சத்தம். கதவின் நடுவுக்கும் கீழே, என் இடுப்பு உயரத்தில், தாழ்ப்பாள் விலகியது.